ஆழமான துறைமுகம், பலமற்ற நாடு: திருகோணமலையிலிருந்து ஒரு கொள்கைப் பிரகடனம்

திருகோணமலை மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளிலிருந்தும் வந்து கூடியிருக்கும் நாங்கள் தமிழர்கள், முஸ்லிம்கள், சிங்களவர்கள். கடற்றொழிலாளரும் வயற்காரரும் ஆசிரியரும் துறைமுகத் தொழிலாளரும் எங்களில் உண்டு. ஒரேயொரு கேள்விதான் எங்களை ஒன்றாக உட்கார வைத்தது. உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றை மடியில் வைத்திருக்கும் நாடு ஏன் இவ்வளவு பலவீனமாக இருக்கிறது? சில நாடுகள் எதனால் பலம் பெறுகின்றன, மற்றவை எதனால் பெறாமலே போகின்றன? அறிஞர்கள் இதைப் பெரிய நூல்களில் ஆராய்கிறார்கள். எங்களுக்கோ சான்றுகள் வாசலிலேயே கிடக்கின்றன. நானூறு ஆண்டுகளாக உலகின் பலமுள்ள நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இந்தக் குடாவுக்குள் வந்து போயிருக்கின்றன. அவர்கள் வந்த காரணத்தையும் போன காரணத்தையும் ஆராய்ந்தே இந்தப் பிரகடனத்தை எழுதியிருக்கிறோம்.

உட்துறைமுகத்தின் நீர்ப்பரப்பு ஏறத்தாழ 1,630 ஹெக்டேயர். நுழைவாயிலின் அகலம் 500 மீற்றர். சோளகமோ வாடையோ, எந்தக் காற்றிலும் பெருங்கப்பல்கள் உள்ளே வந்து நங்கூரமிடலாம். கொழும்புக்கு இந்த வசதி இருக்கவில்லை. அது திறந்த கடல். தென்மேற்குப் பருவக்காற்றில் கப்பல்கள் தத்தளித்த இடம். 1875இல் அங்கே அலைதடுப்புக்கு அடிக்கல் வைத்தார்கள். 1885இல் தென்மேற்கு அலைதடுப்பு எழுந்து முடிந்தது. அதற்கு முன்பே, 1867இல், கண்டிவரை புகையிரதப் பாதை போட்டாயிற்று. மலையிலிருந்து முதலில் கோப்பியும் பிறகு தேயிலையும் இறங்கின. கடலில் கல்லைக் கொட்டி மனிதர் செய்த அந்தத் துறைமுகம் இன்று ஆண்டுக்கு, இருபதடிப் பெட்டிக் கணக்கில், 70 இலட்சத்துக்கு மேற்பட்ட கொள்கலன்களைக் கையாள்கிறது. இயற்கை செய்து கொடுத்த எங்கள் துறைமுகத்தில் கோதுமையும் சீமெந்துக் கிளிங்கரும் இறங்குவதோடு பெரும்பாலான வேலை முடிந்துவிடுகிறது. எனவே, நிலமும் கடலும் தரும் வாய்ப்பே ஒரு நாட்டைப் பலப்படுத்திவிடும் என்ற நம்பிக்கையை முதலில் கைவிடுகிறோம். 'எங்களிடம் திருகோணமலை இருக்கிறது' என்று மேடைதோறும் பெருமை பேசும் அரசியல்வாதிகள் எழுபது ஆண்டுகளாக இந்த நம்பிக்கையைத்தான் எங்களுக்கு விற்றார்கள்.

டென்மார்க்கின் கப்பல்கள் 1620இல் வந்தன. நிலைக்க முடியாமல் தரங்கம்பாடிக்குப் போய்விட்டன. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டினார்கள். 1638இல் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கன் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்ய, மறு ஆண்டே அவர்கள் போர்த்துக்கேயரைத் திருகோணமலையிலிருந்து விரட்டினார்கள். இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கினோம் என்று அந்தக் கொடுக்கல் வாங்கலைப் பற்றிச் சிங்கள மக்கள் இன்றும் சொல்வார்கள். ஓர் அந்நியனை விரட்ட இன்னொரு அந்நியனை அழைக்கும் பழக்கம் அன்றோடு போகவில்லை. 1987இலும் 2017இலும் 2022இலும் அதே பழக்கம் வேறு வேறு உருவில் வந்தது; எண்ணெய்க் குதங்களைப் பற்றிச் சொல்லும்போது அதற்கு வருவோம்.

காலனியாதிக்கம் அடித்த கொள்ளையை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. கறுவாவும் கோப்பியும் தேயிலையும், மலைத் தோட்டங்களில் மடிந்த தொழிலாளரின் உயிர்களும் ஐரோப்பாவின் பேரேட்டில் வரவாக ஏறின. ஆனால் கொள்ளை ஒன்றே பலம் தருமென்றால் ஸ்பெயின் இன்றும் உலகை ஆண்டுகொண்டிருக்க வேண்டும். தென்னமெரிக்காவில் பொத்தோசியின் வெள்ளி மலையைக் குடைந்து அள்ளிய அந்த அரசு 1557, 1575, 1596 என்று திரும்பத் திரும்பக் கடன்காரரிடம் கைவிரித்தது. சின்னஞ்சிறு ஒல்லாந்தோ 1602இல் ஒரு கம்பனியைத் தொடங்கிப் பங்குகளை ஊராருக்கு விற்றது. ஆம்ஸ்ரடாமின் வீட்டு வேலைக்காரப் பெண்கள்கூட வாங்கினார்கள். முகமறியாத ஆயிரம் பேர் தங்கள் சேமிப்பை ஒரு கணக்குப் புத்தகத்தை நம்பிக் கொடுத்தார்கள் என்றால், அந்த நம்பிக்கை பீரங்கியைவிடப் பெரிய ஆயுதம்.

இதற்கு எங்கள் கடலிலேயே நடந்த சாட்சி 1782ஆம் ஆண்டு. அந்த ஆண்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியில் அதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. சனவரியில் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஹியூஸ் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தார். ஓகஸ்ட் முடிவில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் அதை அவரிடமிருந்து பறித்தார். செப்டெம்பர் 3ஆம் திகதி துறைமுகத்துக்கு வெளியே இரண்டு படைகளும் மோதின. சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், கடலூர் என்று தமிழ்க் கரை நெடுகிலுமாக இந்த இருவரும் மொத்தம் ஐந்து தடவை போரிட்டார்கள். வீரத்திலும் யுக்தியிலும் சுஃப்ரென் மேலானவர் என்பதை ஆங்கிலேயரின் எழுத்தாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் பாய்மரம் முறிந்தால் மாற்றுவதற்கு இந்தப் பக்கத்தில் அவருக்குக் கப்பல் பட்டறை கிடையாது. ஒரு கப்பலிலிருந்து பிடுங்கி இன்னொன்றில் நட்டுத்தான் காலம் தள்ளினார். ஹியூஸ் அடிபட்ட கப்பல்களைப் பம்பாய்க்குக் கொண்டுபோனார். அங்கே உலர் துறைகளும், தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டிய பார்சித் தச்சர்களும் இருந்தார்கள்.

1783இல் சமாதானம் வந்தது. சுஃப்ரென் வென்ற துறைமுகத்தைப் பிரான்ஸ் ஒல்லாந்தரிடம் திருப்பிக் கொடுத்தது. போர்க் கடன் பிரெஞ்சு அரசனின் கழுத்தை நெரித்தது; 1789இல் புரட்சி வெடித்தது. கடன் பிரித்தானியாவுக்கும் மலைபோல இருந்ததுதான். ஆனால் அங்கே 1694 முதல் இங்கிலாந்து வங்கி இருந்தது. பாராளுமன்றம் வரி விதித்து வட்டியைத் தவறாமல் கொடுத்தது. அதனால் குறைந்த வட்டிக்கு மீண்டும் மீண்டும் கடன் கிடைத்தது. 1795இல் பிரித்தானியர் திரும்பி வந்தார்கள். 162 ஆண்டுகள் இருந்தார்கள். திருகோணமலையின் தலைவிதியை இறுதியில் எழுதியவை இலண்டனின் கணக்குப் புத்தகங்களும் பம்பாயின் உளியும் சுத்தியலும்தான்.

அந்தப் பம்பாய்ப் பட்டறையில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தால் கட்டிய போர்க்கப்பல் ஒன்று 1817இல் கடலில் இறங்கியது. அதன் பெயர் திருகோணமலை. இருநூறு ஆண்டுகள் கடந்தும் இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் நகரில் அது மிதந்துகொண்டிருக்கிறது. பெயர் எங்களுடையது, மரம் இந்தியக் காட்டினுடையது, கைத்திறன் பார்சித் தச்சருடையது. பலம் மட்டும் பிரித்தானியாவினுடையது. இதை எங்கள் இளைஞர்கள் ஆற அமர எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறோம். திறமை இருந்தால் நாடு தானாக முன்னேறும் என்பதும் முழு உண்மையில்லை. திறமைசாலி யாருக்காக வேலை செய்கிறான், அவன் உழைப்பின் பயன் எங்கே சேர்கிறது, தீர்மானிக்கும் மேசையில் அவனுக்கு நாற்காலி உண்டா என்பவை சேர்ந்தே நாட்டின் பலத்தை ஆக்குகின்றன. துபாயிலும் சிங்கப்பூரிலும் மெல்பேர்னிலும் இன்று எங்கள் மாவட்டத்துப் பொறியியலாளரும் மாலுமிகளும் தாதியரும் செய்யும் வேலை அந்தப் பார்சித் தச்சரின் வேலையிலிருந்து வேறுபட்டதல்ல.

அறிவைச் சேர்த்து வைப்பதும் பலமே. 1660இல் மூதூருக்கு அருகே கண்டி அரசனின் ஆட்கள் ஓர் ஆங்கிலேயக் கப்பலின் தலைவனையும் அவன் மகனையும் பிடித்தார்கள். மகன் றொபேட் நொக்ஸ் 1679இல் தப்பினார். 1681இல், விஞ்ஞானி றொபேட் ஹூக்கின் துணையோடு, இந்தத் தீவின் மண்ணையும் மரத்தையும் ஆட்சியையும் பற்றிய அவருடைய நூல் இலண்டனில் அச்சாகியது. ஒரு கைதியின் நினைவைக்கூட அந்தச் சமூகம் வீணாக்கவில்லை. கொட்டியாரக் குடாவின் நீரோட்டத்தையும் வெள்ளியையும் காற்றையும் நொக்ஸைவிட நூறு மடங்கு அறிந்த கடலோடிகள் எங்களிடம் இருந்தார்கள். அவர்கள் அறிந்தது அவர்களோடு மண்ணுக்குள் போனது. எங்கள் முன்னோர் எல்லாக் காலத்திலும் இப்படி இருக்கவில்லை. இராசேந்திர சோழனின் படை 1025இல் கடல் கடந்ததை எல்லோரும் சொல்வார்கள். எங்களுக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது சுமாத்திராவின் லோபு துவாவில் 1088இல் தமிழ் வணிகக் குழுவான ஐந்நூற்றுவர் நாட்டிய தமிழ்க் கல்வெட்டு. கடல் கடந்த ஊரில் கூடி, விதி வகுத்து, அதைக் கல்லில் எழுதி வைத்து வணிகம் செய்த மக்களின் வழிவந்தவர்கள் நாங்கள்.

யப்பானையும் மறக்க முடியாது. 1872இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளி என்று சட்டம் செய்த நாடு, எழுபது ஆண்டுகளில், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலைச் சீனக்குடாவின் மேல் விமானங்களை அனுப்பும் நிலைக்கு வந்தது. அதே நாளில் பிரித்தானியாவின் விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. மற்றவரை அடக்கப் புறப்பட்ட அந்தப் பலம் மூன்றே ஆண்டுகளில் சொந்த மக்களைச் சாம்பலாக்கியது. படையை இழந்த பிறகும் அவர்களை மீண்டும் தூக்கி நிறுத்தியது 1872இல் தொடங்கிய அந்தப் பள்ளிதான்.

இனி நம் நாட்டைப் பற்றி.

1957இல் பிரித்தானியர் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். துறைமுகம் முழுமையாக நம்முடையதாயிற்று. ஆனால் அதற்குள்ளேயே நாடு தன் மக்களைக் கழித்துப் பார்க்கத் தொடங்கியிருந்தது. 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை போயிற்று. 1956இல் அரச கருமமொழி சிங்களம் மட்டும் என்றாயிற்று. எழுபதுகளில் பல்கலைக்கழக வாசலில் தமிழ் மாணவருக்குப் பாதகமான தரப்படுத்தல் வந்து நின்றது. 1983இல் தமிழருக்கு எதிரான வன்முறையில் வீடுகளும் கடைகளும் மனிதரும் எரிந்தார்கள். இதற்கு மாறாக, 1965இல் தனி நாடான சிங்கப்பூர் தமிழையும் சேர்த்து நான்கு ஆட்சிமொழிகளை வைத்துக்கொண்டு தொடங்கியது. அதற்குக் குடிநீரே மலேசியாவிலிருந்து வர வேண்டியிருந்தது. 2024இல் அதன் துறைமுகம் 4 கோடிக்கு மேற்பட்ட கொள்கலன்களைக் கையாண்டது. சீனக்குடாவில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இயங்கும் பிறீமா மா ஆலை சிங்கப்பூர்க் கம்பனி ஒன்றினுடையது. கோதுமை நம் நாட்டிலும் விளையாது, சிங்கப்பூரிலும் விளையாது. அவர்களால் இங்கே வந்து ஆலை வைக்க முடிகிறது. சிங்கப்பூரின் ஆட்சியில் குறைகள் உண்டு. பேச்சுச் சுதந்திரத்தில் அதை நாங்கள் பின்பற்றப் போவதில்லை. ஆயினும் குடிமக்களில் ஒரு பகுதியாரை எதிரி என்று கணக்கெழுதாத நாடு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அது சான்று.

2006ஆம் ஆண்டை இந்த மாவட்டம் கடந்து வந்த விதத்தைச் சொல்லாமல் இந்தப் பிரகடனம் உண்மையாகாது. சனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஏப்ரல் 12ஆம் திகதி சந்தையில் குண்டு வெடித்தது; தொடர்ந்து தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அந்த மாதமே சம்பூர் மக்கள் குண்டுவீச்சில் ஊரை விட்டு ஓடினார்கள். திரும்பி மண்ணை மிதிக்க ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் ஆயின. யூலையில் விடுதலைப் புலிகள் மாவிலாற்றின் கதவை அடைத்தார்கள். சேருவிலப் பக்கத்துச் சிங்கள, முஸ்லிம், தமிழ் வயல்கள் தண்ணீரின்றிக் கிடந்தன. ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் சண்டைக்கு நடுவே குடும்பம் குடும்பமாக வெளியேறினார்கள். அதே மூதூரில் தொண்டு நிறுவனப் பணியாளர்கள் 17 பேர் கொல்லப்பட்டார்கள். மாணவர் கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 13 பேரும் போதிய சாட்சியம் இல்லையென்று 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். சாட்சி சொல்ல வருபவருக்கு உயிர்ப் பாதுகாப்புத் தர முடியாத அரசிடம் எத்தனை படையணிகள் இருந்தாலும் அதைப் பலமுள்ள அரசு என்று நாங்கள் சொல்ல மாட்டோம். தன் வழக்குக்கு நீதி கிடைக்காது என்று நினைப்பவன் தன் பணத்தை இங்கே முதலிட மாட்டான். தன் பிள்ளையை இங்கே இருக்கவும் விட மாட்டான்.

சீனக்குடாக் காட்டுக்குள் 99 எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன. பிரித்தானியர் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே கட்டியவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 1987இல் இந்தியாவுடன் பரிமாறப்பட்ட கடிதங்களில் அவை இடம்பெற்றன. 2003இல் இந்திய எண்ணெய்க் கம்பனியிடம் போயின. 2017இல் மீண்டும் பேசினார்கள். 2022 சனவரியில் 14 குதங்கள் அந்தக் கம்பனிக்கு, 24 நம் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு என்று பிரித்தார்கள். மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்தது. மே மாதத்தில் பதவி விலகிய பிரதமர் மகிந்த ராஜபக்ச தஞ்சம் புகுந்ததும் இந்தத் துறைமுகத்தின் கடற்படைத் தளத்தில்தான். அந்த மாதங்களில் எங்கள் கடற்றொழிலாளர் மண்ணெண்ணெய்க்கும், முச்சக்கரவண்டிக்காரர் பெற்றோலுக்கும் இரவு பகலாக வரிசையில் நின்றார்கள். பத்து இலட்சம் தொன் எண்ணெய்க்கு இடம் இருந்தது. அதை வாங்கக் காசு இருக்கவில்லை. கடனாகத் தர நம்பி வந்தவரும் மிகச் சிலரே.

புல்மோட்டையின் கரை மணலில் இல்மனைட்டும் ரூட்டைலும் சேர்கோனும் கலந்திருக்கின்றன. அரசு 1957இலேயே இதற்கென்று கூட்டுத்தாபனம் அமைத்தது. இல்மனைட்டிலிருந்து தைத்தானியம் ஈரொட்சைட்டு எடுக்கிறார்கள்; சுவருக்குப் பூசும் வெள்ளைப் பெயின்ற், கடதாசி, பற்பசை எல்லாவற்றிலும் அது இருக்கிறது. நாம் மணலைப் பிரித்துக் கப்பலில் ஏற்றிவிட்டு, பெயின்றுக்கான வெள்ளையை வெளியிலிருந்து வாங்குகிறோம். மணலுக்கும் வெள்ளைத் தூளுக்கும் நடுவே இருக்கும் இரசாயனம், இயந்திரம், பயிற்சி பெற்ற கைகள் என்பவற்றில்தான் நாடுகளின் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. அந்த ஆலை அமிலக் கழிவைக் கக்கும் ஆலை என்பதும் எங்களுக்குத் தெரியும். குச்சவெளிக் கடலை அழித்துவிட்டு வரும் வேலைவாய்ப்பு எங்களுக்கு வேண்டாம். கழிவைச் சுத்திகரிக்கும் தொழில்நுட்பத்தோடு அதை எப்படிச் செய்யலாம் என்று ஆராயும் கூடம் புல்மோட்டையிலேயே வேண்டும். அங்கு வேலை செய்வோரில் முதலிடம் அந்த ஊர்ப் பட்டதாரிகளுக்கு வேண்டும்.

ஆகவே இந்த இயக்கம் பின்வருவனவற்றுக்காகப் போராடும்.

துறைமுகம், எண்ணெய்க் குதங்கள், சம்பூர் மின்திட்டங்கள், கனிய மணல் ஆகியவை பற்றி எந்த நாட்டோடும் எந்தக் கம்பனியோடும் செய்யும் ஒப்பந்தம் கையெழுத்தாகு முன்னரே சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் முழுதாக வெளியிடப்பட வேண்டும். 2025 ஏப்ரலில் இந்தியாவும் ஐக்கிய அரபு இராச்சியமும் நம் அரசும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்க உடன்பாடு செய்துகொண்டன. அந்த மையத்தில் எங்கள் பிள்ளைகள் காவலாளிகளாகவும் கூலியாட்களாகவும் மட்டும் நிற்கப் போகிறார்களா, குழாய்களை வடிவமைப்பவர்களாகவும் இருப்பார்களா என்பதை ஒப்பந்தத்தின் வாசகங்கள் தீர்மானிக்கும். அந்த வாசகங்களைப் பார்க்கும் உரிமை எங்களுக்கு உண்டு. இந்தியாவையோ சீனாவையோ அமெரிக்காவையோ நாங்கள் வெறுக்கவில்லை. எவரும் தளம் அமைக்க இந்தக் குடாவைக் கொடுப்பதை எதிர்ப்போம். வணிகம் செய்ய வருபவரை வரவேற்போம்.

கப்பல் திருத்தும் தொழிலையும் கடல்சார் பொறியியலையும் மூன்று மொழியிலும் கற்பிக்கும் அரச நிறுவனம் இங்கே வேண்டும். 1782இன் பாடம் அதுவே. கரைவலைப் பாடுகளும் வாடிகளும் கடற்றொழிலாளரிடமிருந்து பறிபோகக் கூடாது. மக்களின் காணிகளைப் பாதுகாப்பின் பெயராலும் தொல்லியலின் பெயராலும் பிடித்து வைத்திருப்போர் அவற்றை விட வேண்டும். 2006இன் கொலைகளுக்கு, கொன்றவர் எந்தத் தரப்பாக இருந்தாலும், சாட்சிகளுக்குப் பாதுகாப்போடு நீதி விசாரணை நடக்க வேண்டும்.

அரசிடம் கேட்பதை எங்களிடமும் கேட்டுக்கொள்கிறோம். இந்த மாவட்டத்தில் எந்தச் சமூகமும் தனிப் பெரும்பான்மை இல்லை. எங்கள் நிருவாகக் குழுவிலும் இருக்காது. குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருப்பார்கள். உறுப்பினர் சந்தாவையும் நன்கொடையையும் செலவையும் மாதந்தோறும் எழுதி, ஒவ்வொரு பிரிவிலும் பொது இடத்தில் மூன்று மொழியிலும் ஒட்டுவோம். பதவிக் காலம் இரண்டு ஆண்டு. தேர்தலில் நிற்க விரும்புபவர் ஆறு மாதம் முன்னரே குழுவிலிருந்து விலக வேண்டும். வயதான கடலோடிகளிடமும் வயற்காரரிடமும் உள்ள அறிவைப் பதிவு செய்யும் வேலையை உயர்தர மாணவர்களிடம் ஒப்படைக்கிறோம். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பிள்ளைகளிடம் பணத்துக்கு முன்னர் தொழில் அறிவைக் கேட்கிறோம்; ஒரு பள்ளிக்கு, ஒரு பட்டறைக்கு, ஓர் ஆய்வுக்கு அவர்கள் ஆளுக்கு ஒரு பொறுப்பு ஏற்கட்டும்.

வேலை நாளையே தொடங்குகிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் துறைமுக அதிகார சபைக்கும் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும் கனிய மணல் கம்பனிக்கும் விண்ணப்பங்கள் போகின்றன. கேட்பவை மூன்று: நடைமுறையில் உள்ள எல்லா ஒப்பந்தங்களின் பிரதிகள், கடந்த பத்து ஆண்டுகளின் வருமானக் கணக்கு, இந்த மாவட்டத்தவர் எத்தனை பேர் எந்தத் தரத்தில் வேலையில் இருக்கிறார்கள் என்ற விவரம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. பதில் வந்தால் அதைப் பிரிவு தோறும் கூட்டம் போட்டு வாசிப்போம். மறுத்தால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவரை மேன்முறையீடு செய்வோம். விண்ணப்பத்தில் முதற் கையெழுத்துக்களை இடுவோர் கிண்ணியா, சேருவில, வெருகல், பட்டினமும் சூழலும் ஆகிய பிரிவுகளின் உறுப்பினர்கள்.